நாகசாகியில் ஒரு காராச்சேவுப் பொட்டலம்

மக்கள் நாகசாகிக்கு அமைதியைத் தேடிப் போவார்களாம். சித்தப்பாவும் நானும் போனது பழைய ஆப்செட் அச்சு மெஷினைத் தேடி. ஜப்பான்காரர்கள் அலுத்துப்போய்க் கழற்றிவிடும் நான்கு வண்ண மெஷின்களைச் சிவகாசிக்கு இறக்கி, மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இன்னும் இருபது வருடம் மூச்சுவிடாமல் காலண்டர் அடிக்க வைப்பது எங்கள் ஊர் வழக்கம். மெஷின்களுக்கு மறுபிறவி உண்டென்றால் அது சிவகாசியில்தான். பணி ஓய்வு மட்டும் கிடையாது.

சித்தப்பாவுக்கு மெஷின் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் தெரியும். சென்னையில் டிசைன் படித்துவிட்டு வந்து, எங்கள் பிரஸ்ஸில் ஒரு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் மெஷினும் தெரியும் என்று நானே சொல்லிக்கொள்வேன். "நீ பேசு பாப்பா, நான் பாக்கேன்" என்றார் சித்தப்பா. ஒப்பந்தம் அவ்வளவுதான். எனக்கு இருபத்து நான்கு வயதாகிறது என்பதும், அயல்நாட்டில் 'பாப்பா' என்று உரக்கக் கூப்பிட்டால் எல்லோரும் குழந்தையைத் தேடுவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இல்லை.

முதல் நாள் சாப்பாட்டிலேயே போனது. அதற்கு முன் கழிப்பறை. விடுதியில் வந்திறங்கிய பத்தாவது நிமிடம் சித்தப்பா பக்கத்து அறையிலிருந்து வந்து என் கதவைத் தட்டினார்.

"பாப்பா, அங்கன உக்கார்ற எடம் சுடுது. ஷார்ட் சர்க்யூட்டா இருக்கும்போல. கீழ போயி சொல்லிரு."

குளிருக்கு இதமாக இருக்கையைச் சூடாக்கி வைப்பார்கள் என்று விளக்கினேன். நம்பவில்லை. பட்டாசு ஊர்க்காரருக்கு எதிர்பாராத இடத்தில் சூடு தட்டினால் முதலில் வாசல் எந்தப் பக்கம் என்றுதான் பார்க்கத் தோன்றும்.

நாகசாகியின் பெருமை 'சாம்போன்' என்ற நூடுல்ஸ் சூப். இறால், கணவாய், பன்றிக்கறி, முட்டைக்கோஸ் என்று சமுத்திரத்தையும் சந்தையையும் ஒரே கிண்ணத்தில் கொட்டித் தருகிறார்கள். சித்தப்பா இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு, "எல்லாரும் வந்திருக்காக, வத்தல் மட்டும் லீவு போட்டிருச்சு" என்றார். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை நாலு விதச் சால்னாவில் ஊறவைத்துத் தின்று வளர்ந்த நாக்கு அது. சட்டைப் பையிலிருந்து மிளகாய்ப் பொடிப் பொட்டலத்தை எடுத்துத் தூவினார். கடைக்காரர் ஆர்வமாக வந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். பிறகு மூன்று முறை குனிந்து வணங்கினார். மரியாதையா, வயிற்றுவலியா என்று கேட்குமளவு எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது.

இரண்டாம் நாள் மெஷின். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிடங்குக்குள் போனார். ஓடும் ரோலருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டார். விற்பவர் இரண்டு கையாலும் நீட்டிய விசிட்டிங் கார்டைப் பெயர் பார்க்காமல் தடவிப் பார்த்து, "முந்நூறு ஜிஎஸ்எம்" என்றார். மனிதர் அசந்துபோனார். சித்தப்பா அந்த நாட்டில் தொட்ட எல்லாக் காகிதத்துக்கும் எடை சொன்னார். விடுதியில் தந்த நிலநடுக்க எச்சரிக்கைக்கும் சொன்னார். "எண்பது. சாயம் நல்லாப் புடிச்சிருக்கு." என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை.

திரும்பும்போது டிராமில் எதிர்த் திசையில் ஏறிவிட்டோம். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் எழுந்து வந்து, எங்கள் வரைபடத்தைப் பார்த்து, எங்கள் தப்புக்காக எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். இதுவே விருதுநகர் பேருந்தில் என்றால், "எங்க பாத்துட்டு ஏறுனீக? கண்ணென்ன பொடதியிலயா இருக்கு?" என்று நம் பரம்பரையையே இறக்கிவிட்டிருப்பார்கள். "இது ஒரு மாதிரி பயமா இருக்கு பாப்பா. திட்டவே மாட்டேங்கறாக" என்றார் சித்தப்பா.

மறுநாள் மெஷின்காரருக்கு விடுமுறை. நீங்கள் கட்டாயம் எங்கள் அமைதிச் சின்னங்களைப் பார்க்க வேண்டும், ஒரு வழிகாட்டியுடன் நடந்தே பார்த்துவிடலாம் என்று அவரே ஏற்பாடு செய்துவிட்டார். எங்கள் பக்கம் சமாதானத்துக்குச் சின்னம் கிடையாது; கூட்டம் உண்டு. கோயில் கொடைக்கு முன்னால் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம் போடுவார்கள். டீயும் மிக்சரும் தருவார்கள். அடிதடி அதற்குப் பிறகு முறைப்படி தொடங்கும். ஆகவே கல்லில் சமாதானத்தைப் பார்க்கும் ஆவல் எனக்கு நிறையவே இருந்தது.

மூன்றாம் நாள் காலை டிராம் நிறுத்தத்தில் நின்றோம். சித்தப்பா கையில் மஞ்சப்பை.

"கைடம்மாவப் பாக்கப் போறோம், கைய வீசிட்டா போறது?" என்று அதிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். சித்தி கொடுத்துவிட்ட சாத்தூர் காராச்சேவு, அரைக் கிலோ.

எனக்குக் காராச்சேவு தெரியவில்லை. அதைச் சுற்றியிருந்த காகிதம்தான் தெரிந்தது.

சிவகாசியில் எந்தப் பொருளும் தனியாக வீட்டுக்கு வராது. பிரஸ்ஸில் கலர் சேராமல் கழிந்த வேஸ்ட் ஷீட்டில் சுற்றிக்கொண்டுதான் வரும். பள்ளிக்கூடத்தில் என் கணக்கு நோட்டுக்கு லட்சுமி வெடி அட்டை, தமிழ் நோட்டுக்குச் சாட்டை அட்டை. கல்யாணத் தாம்பூலமும் கருவாடும் அந்தக் காகிதத்தில்தான் போகும். யாரும் அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. சித்தியும் பார்க்கவில்லை.

அது போன சீசனில் நாங்கள் அடித்த அணுகுண்டு வெடியின் லேபிள். கீழே ஆரஞ்சு, மேலே ஊதா, காளான் மாதிரி விரியும் புகை. அதன் உச்சியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கும் ஒரு குழந்தை. குறுக்கே இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் 'ஆட்டம் பாம்'. ஒரு ஷீட்டுக்கு இருபத்து நான்கு லேபிள். இருபத்து நான்கு புகை, இருபத்து நான்கு சிரிப்பு.

வரைந்தது நான்.

பார்ட்டி, அதாவது ஆர்டர் கொடுத்த பட்டாசு முதலாளி, ஏற்றுக்கொண்ட என் முதல் டிசைன். அவர் கேட்டது புகை மட்டும்தான். குழந்தை என் சொந்த யோசனை. வெறும் புகை பார்ப்பவர் மனதில் பயத்தை உண்டாக்கும், அதைச் சமன்செய்ய ஒரு மகிழ்ச்சியான முகம் வேண்டும் என்று நான் படித்த படிப்பை எல்லாம் கொட்டி விளக்கினேன். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதாம்லே" என்று அவர் தம் மேனேஜரிடம் சொன்னார். அந்தப் பாராட்டை ஒரு வாரம் போர்த்திக்கொண்டு தூங்கினேன். இப்போது அது நாகசாகியில், ஓர் அமைதி வழிகாட்டியின் கைக்குப் போகக் காத்திருந்தது.

"எங்கிட்டக் குடுங்க சித்தப்பா, நான் வச்சிருக்கேன்."

"ஒன்னயச் சொமக்க விட்டேன்னு ஒங்க அப்பா என்னய ஏசவா?"

"இங்க அன்பளிப்பெல்லாம் குடுக்கக் கூடாதாம்."

"லஞ்சமா குடுக்கேன்? காராச்சேவு பாப்பா."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'நான் வரைந்தது எனக்கே வெட்கமாக இருக்கிறது' என்பதை, அதை ஊரெல்லாம் காட்டி "எங்க அண்ணன் மக போட்டது" என்று சொல்லித் திரிந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசாமல் ஏறிவிட்டேன்.

வழிகாட்டியின் பெயர் மிஹோ. ஐம்பது வயது இருக்கும். கையில் சின்ன மஞ்சள் கொடி. எங்களோடு ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி. கணவர் எதைக் காட்டினாலும் "அற்புதம்" என்றார். குப்பைத் தொட்டி எங்கே என்று நான் கேட்டபோது நகரத்தில் தொட்டிகளே இல்லை என்று மிஹோ சொன்னதற்கும் அற்புதம் என்றார். நான் கேட்டது காகிதத்தை எப்படியாவது தொலைக்கத்தான்.

"நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று மிஹோ கேட்டார்.

"டிசைனர். காலண்டர்களுக்குப் பூ, சாமி படம், அந்த மாதிரி."

"எவ்வளவு அழகான வேலை!"

'அந்த மாதிரி' என்ற இடத்தில் நான் எதை எல்லாம் அடைத்தேன் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அமைதிப் பூங்காவின் வாசலில் ஒரு நீரூற்று. வெயில் சாத்தூர் வெயிலுக்குத் தங்கச்சி. உறைப்பு குறைவு, வியர்வை அதிகம். மிஹோ தம் பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கல் பலகையின் அடியில் வைத்துக் கண்ணை மூடி நின்றார். அங்கே ஏற்கெனவே நாலைந்து பாட்டில்கள் வரிசையாக இருந்தன. அவர் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துத் திரும்பிப் பேசத் தொடங்கினார். குண்டு விழுந்த அன்று வெந்துபோனவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டே இறந்தார்கள், அதற்காகத்தான் இந்த ஊற்று. அவருடைய அம்மாவுக்கு அப்போது ஆறு வயது. யாரோ ஒரு பெண் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம். தீப்புண்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தால் செத்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் சொல்லியிருந்ததால், அம்மா கையில் குவளையை வைத்துக்கொண்டே கொடுக்காமல் ஓடிவந்துவிட்டாராம். இப்போது ஒவ்வொரு நடைக்கும் ஒரு பாட்டிலை மகளிடம் கொடுத்தனுப்புகிறார்.

நான் இதைத் தமிழில் சொல்லத் திரும்பியபோது, சித்தப்பா அந்தப் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்.

சித்திரை பிறந்தால் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல். யார் வைத்தது என்று கேட்காமல் குடிப்பதுதான் வைத்தவருக்கு மரியாதை. அவர் அந்த மரியாதையைச் செய்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியர் முதல்முறையாக அற்புதம் என்று சொல்லவில்லை.

"சித்தப்பா! அது செத்தவங்களுக்கு வச்சது!"

வாய் நிறைந்த தண்ணீரோடு அவர் நின்றார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நான் மிஹோவிடம் ஐந்து விதமாக மன்னிப்புக் கேட்டேன். மிஹோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கச் சொல்லுங்கள்" என்றார். "எல்லாவற்றையும். இவ்வளவு வருடமாக அம்மா அனுப்பும் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. இன்றைக்கு வீட்டுக்குப் போய், ஒருவர் கேட்காமலே எடுத்துக் குடித்தார் என்று சொல்வேன்."

மொழிபெயர்த்தேன். சித்தப்பா விழுங்கினார். மீதியையும் மெதுவாகக் குடித்து முடித்து, காலிப் பாட்டிலை இரண்டு கையாலும் மிஹோவிடம் கொடுத்தார். பிறகு மஞ்சப்பையைத் தட்டிக்கொண்டு என்னிடம், "இந்தக் காராச்சேவு அவுக அம்மாவுக்குத்தான்" என்றார்.

அருமை. இதுவரை ஒருத்தர் பார்ப்பார் என்று பயந்தேன். இனி ஆறு வயதில் அந்தப் புகைக்குக் கீழே நின்றவரும் பார்ப்பார்.

பூங்காவுக்குள் பல நாடுகள் அன்பளித்த சிலைகள் வரிசையாக நிற்கின்றன. குழந்தையை ஏந்திய தாய், கைகோத்த மனிதர்கள், புறா. அணுகுண்டைக் கிடங்கில் பத்திரமாக வைத்துக்கொண்டே இங்கே சிலை அனுப்பிய நாடுகளும் இருக்கின்றன. எனக்கு இது புதிதாகப் படவில்லை. எங்கள் பக்கத்துத் தீக்காய வார்டில் சுழலும் மின்விசிறியின் இறக்கையில் ஏதாவது ஒரு பட்டாசு முதலாளியின் பெயர் 'அன்பளிப்பு' என்று சேர்ந்து சுழலும். படுத்திருப்பவருக்கு அதை வாசிக்க நிறைய நேரம் இருக்கும்.

கடைசியில் பெரிய அமைதிச் சிலை. ஒரு கை வானத்தைக் காட்டுகிறது, ஆபத்து அங்கிருந்து வரும் என்று. இன்னொரு கை பக்கவாட்டில் நீண்டிருக்கிறது, அமைதிக்காக. கண்கள் மூடியிருக்கின்றன, இறந்தவர்களுக்காக. "டிராபிக் போலீசு மாதிரில்ல இருக்காரு" என்றார் சித்தப்பா. மொழிபெயர்க்கச் சொன்ன மிஹோவிடம், மிகவும் கம்பீரமாக இருக்கிறதாம் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வேலையில் பொய் சொல்வது வடிவமைப்பில் வெள்ளைவெளி விடுவதைப் போல. அளவாக இருந்தால் யாரும் கவனிப்பதில்லை.

குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே ஒரு கறுப்புத் தூண். அங்கே மட்டும் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்து அருங்காட்சியகம். பதினொன்று இரண்டுக்கு நின்ற சுவர்க் கடிகாரம், உருகி ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிக் குப்பிகள், பிறகு மனிதர்களின் புகைப்படங்கள். ஆஸ்திரேலியப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா திருப்பவில்லை. கிட்டே போய் நின்று பார்த்தார்.

"இது தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கையத் தூக்குனா கையுறை மாதிரி தோலு கழண்டு வரும். நீ அப்ப பள்ளிக்கூடம் போயிருந்த. பட்டாசு ஆலை வெடிச்ச அன்னைக்கு ஆனைக்குட்டம் ரோட்டுல லோடு ஏத்திட்டு வந்தேன். ஆம்புலன்சு வரல. அட்டைக் கட்டுகள ரோட்டுல எறக்கிப் போட்டுட்டு ஆறு பேர நம்ம வேன்லதான் ஏத்துனேன். தண்ணி கேட்டாக. குடுக்காதீகன்னு எல்லாரும் சத்தம் போட்டாக." மஞ்சப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நானும் குடுக்கல."

ஊற்றடியில் அவர் ஏன் அந்தப் பாட்டிலைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார் என்று நான் அப்போது கேட்கவில்லை. பேச்சை மாற்ற அடுத்த அறைக்கு நடந்தேன். மாட்டியது நான்.

சுவர் முழுக்க அந்தப் புகையின் படம். கறுப்பு வெள்ளையில். லேபிளுக்கு இணையத்தில் தேடியபோது முதலில் வந்த படம் இதுதான். இதை வைத்துத்தான் கோடு கோடாக இழுத்தேன். இடப்பக்கம் சுருளும் அந்த மடிப்பு எனக்கு மனப்பாடம். அதைச் சரியாக வளைக்க ஒரு மத்தியானம் ஆனது. அது எந்த ஊர்ப் புகை என்று ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. படத்தின் தரம் நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பா படத்தைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பைக்குள் கையைவிட்டுப் பொட்டலத்தைப் பாதி வெளியே இழுத்து, மறுபடி சுவரைப் பார்த்தார். அவர் அந்தக் காகிதத்தின் எடையைச் சொல்லவில்லை.

"வெளிய வா" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார். உள்ளே பாலிதீன் பையில் காராச்சேவு. சட்டைப் பையிலிருந்து சலவை மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, அதில் பாலிதீன் பையை வைத்து நாலு முனையையும் சேர்த்து முடிந்தார். காகிதத்தை என் கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். இந்த நாட்டில் மூன்றே நாளில் அவருக்கும் அந்தத் திட்டாத வியாதி தொற்றியிருந்தது.

நான் அதைக் கசக்கி உருண்டையாக்கினேன். போடத்தான் இடமில்லை.

நடை டிராம் நிறுத்தத்தில் முடிந்தது. ஆஸ்திரேலியர்கள் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். சித்தப்பா முடிச்சை நீட்டி, "ஒங்க அம்மாவுக்கு. காரமா இருக்கும், தண்ணி பக்கத்துல வச்சுக்கச் சொல்லுங்க" என்றார். மிஹோ அந்த முடிச்சின் அழகைப் புகழ்ந்தார். அவர்கள் ஊரிலும் அன்பளிப்பைத் துணியில்தான் முடிவார்களாம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூச்சுவிட்டேன்.

அப்போது மிஹோ என் கையைப் பார்த்தார்.

"அடடா, காலையிலேயே தொட்டி கேட்டீர்களே. கொடுங்கள், நான் வீட்டில் போட்டுக்கொள்கிறேன். காகிதம்தானே? எரியும் குப்பை." நான் வாயைத் திறப்பதற்குள் உருண்டை அவர் கைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் என்றால் அப்படியே பையில் திணித்திருப்பார்கள். இவர்கள் குப்பையையும் நீவி மடித்துத்தான் வைப்பார்கள். மிஹோ உட்கார்ந்து அதை முழங்காலில் வைத்து நீவினார். ஒரு சுருக்கம் நீங்கியது. இன்னொன்று நீங்கியது. பிறகு கை நின்றது.

இருபத்து நான்கையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"உங்கள் ஊர்க் கடையில் சுற்றிக் கொடுத்ததா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் முடிந்துவிடும். நான் தப்பிக்க மிஹோவே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனாலும் அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை. நான் வரைந்தது" என்றேன். "பட்டாசு லேபிள். எங்கள் பிரஸ்ஸில் அடித்தது."

மிஹோ தலையசைத்தார். புகையை ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தையும் சொல்லவில்லை. ஒரு லேபிளின் மேல் விரலை வைத்தார்.

"இந்தக் குழந்தை ஏன் சிரிக்கிறது?"

கேட்ட குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், டிசைனரிடம். சமன்செய்வது, மகிழ்ச்சியான முகம், பார்ப்பவர் மனம் என்று நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில்தான் படித்தேன். நான் அவர் விரலுக்கு அடியிலிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தேன்.

"என்ன கேக்காக?" என்றார் சித்தப்பா.

தமிழில் சொன்னேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சொல்லு பாப்பா. நீதான வரஞ்ச."

நிறுத்தத்துப் பலகையில் அடுத்த டிராமுக்கு இன்னும் நான்கு நிமிடம் என்று எரிந்துகொண்டிருந்தது. அந்த ஊரில் எதுவும் ஒரு நிமிடம்கூட முன்னால் வருவதில்லை.